கடல் கடப்பதா, கரையில் இருப்பதா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, நமது பழைய நண்பர் ஒருவர் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். கும்பகோணத்தில் முப்பது வருஷ காலம் உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் வெற்றிலைப் பெட்டியும் வேடிக்கைப் பேச்சுமாக வருகிறவர், அன்று வெற்றிலைப் பெட்டியை மட்டுந்தான் கொண்டு வந்திருந்தார்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டோம்.

"விசேஷம் நல்லதுதான். பையனுக்கு அமெரிக்காவில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது."

"அதற்கா முகத்தை இப்படி வைத்துக் கொண்டிருக்கிறீர்?"

"பெங்களூரிலும் ஒன்று கிடைத்திருக்கிறதே! அங்கே கொடுப்பதில் நாலில் ஒரு பங்கு சம்பளம். நான் பெங்களூர் என்கிறேன். அவள் அமெரிக்கா என்கிறாள். பையனோ, 'நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்து சொல்லுங்கள்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறான். ஊருக்கெல்லாம் அபிப்பிராயம் சொல்லுகிறவர்கள் நீங்கள். எனக்கும் ஒன்று சொல்லுங்கள்."

நமக்குச் சற்று ஆச்சரியமாக இருந்தது. இம்மாதிரி வழக்குகளில் தாயார் கண்ணீர் விடுவதும் தகப்பனார் தைரியம் சொல்வதுந்தான் சம்பிரதாயம். அந்த அம்மாள் ஏன் போகச் சொல்லுகிறார் என்று விசாரித்தோம்.

"'என் பிள்ளை எனக்காக இங்கே தங்கிக் குறைந்து போனான் என்ற பேர் எனக்கு வேண்டாம்' என்கிறாள்" என்றார் நண்பர்.

அந்த வார்த்தைக்கு உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்லுகிறோம் என்று அனுப்பிவிட்டோம். இந்த வழக்கு அவர் வீட்டில் மட்டும் நடப்பதல்ல; இதைப் படிக்கும் நேயர்களில் பலருடைய வீட்டுக் கூடத்திலும் நடப்பதுதான். ஆகையால் நாம் யோசித்ததை இங்கேயே எழுதிவிடுகிறோம்.

ஒரு குடும்பம், இரண்டு வழிகள்

இந்த விஷயத்தைத் தராசில் வைத்துப் பார்ப்பதற்கு நம்முடைய தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றே போதும். சிற்றப்பா தாய்நாட்டில் தங்கினார்; தமையன் மகன் கடல் கடந்து போனார். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சிற்றப்பா ஸர் சி. வி. ராமன். 1888-ஆம் வருஷம் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். 1907-இல் சர்க்கார் நிதி இலாகாவில் பெரிய உத்தியோகம் பெற்றுக் கல்கத்தாவுக்குப் போனார். பகலெல்லாம் கணக்கு வழக்குகள். காலையிலும் மாலையிலும் பௌபஜார் வீதியில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ஆராய்ச்சி. கல்கத்தா சர்வகலாசாலை அவருக்குப் பேராசிரியர் பதவி கொடுக்க முன்வந்தபோது, அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதற்காகச் சீமைக்குப் போக முடியாது என்று ராமன் மறுத்துவிட்டார். கடைசியில் வளைந்து கொடுத்தது நிபந்தனைதான். 1917-இல் சர்க்கார் உத்தியோகத்தின் நல்ல சம்பளத்தை விட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார். 1928-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி ஒளிச் சிதறலைப் பற்றிய அவருடைய கண்டுபிடிப்பு வெளியாயிற்று. 1930-இல் பரிசு வந்தது.

அதே 1930-ஆம் வருஷம் ஜூலை மாத இறுதியில், அவருடைய தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை ராஜதானிக் கலாசாலையில் படிப்பை முடித்துவிட்டுப் பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. வீட்டில் தாயார் சீதாலக்ஷ்மி அம்மாள் தீராத நோயாய் இருந்தார். இப்ஸனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்த படிப்பாளி அந்த அம்மாள். பிள்ளை தயங்கினார், போகத்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பியவர் அந்தத் தாயாரேதான்.

கேம்பிரிட்ஜுக்குப் போகும் வழியிலேயே, கப்பலில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, அணைந்து போகும் நக்ஷத்திரங்களுக்கு ஓர் எடை எல்லை உண்டு என்று அந்த வாலிபர் கண்டுபிடித்தார். நமது சூரியனுடைய எடையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று விஞ்ஞானிகள் சொல்லும் எல்லை அது. 1931-இல் தாயார் காலமானார். மகன் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்.

அங்கே அவருக்குப் பூமாலை காத்திருக்கவில்லை. 1935-இல் லண்டன் சபையொன்றில் பெரிய விஞ்ஞானியான எடிங்டன் அவருடைய முடிவை எல்லாருக்கும் முன்னால் பரிகசித்தார். 1937-இல் அமெரிக்காவில் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்தார். அவருடைய தோலின் நிறத்தை முன்னிட்டு, அவர் அங்கே வகுப்பு நடத்துவதற்கு அதிகாரி ஒருவர் ஆட்சேபம் செய்ததும், சர்வகலாசாலைத் தலைவர் அந்த ஆட்சேபத்தைத் தள்ளியதும் சரித்திரத்தில் பதிவான சம்பவங்கள். ஆனால் அதே இடத்தில்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் மனம் போல் ஆராய்ச்சி செய்தார். 1953-இல் அந்நாட்டுப் பிரஜையானார். ஊரில் இருந்த தகப்பனாருக்கு அது பெரிய மனவருத்தத்தைக் கொடுத்தது. 1983-இல் நோபல் பரிசு பெற்றார். 1995-இல் சிக்காகோவிலேயே காலமானார்.

சிற்றப்பா தேசபக்தர், மகன் தேசத்தை மறந்தவர் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ராமன் இங்கே தங்கியதற்கு அவருடைய மனவுறுதி ஒரு காரணம். இன்னொரு காரணம் பௌபஜார் வீதிக் கட்டடம். டாக்டர் மகேந்திரலால் ஸர்க்கார் என்ற வைத்தியர், இந்தியர்கள் தாங்களாகவே விஞ்ஞானம் வளர்க்க வேண்டும் என்று 1876-இல் பணம் திரட்டி அந்தச் சங்கத்தை ஸ்தாபித்தார். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு ராமன் வந்து அதன் கதவைத் தட்டினார். கதவு இருந்தது, ஆகையால் தட்ட முடிந்தது. "போகாதே" என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிறவர்கள், அவர்களுக்காக எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

போய்த் திரும்பியவர்

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ராமனிடம் பெங்களூரில் பாடம் கேட்ட ஜி. என். ராமசந்திரன் 1947-இல் கேம்பிரிட்ஜுக்குப் போய், இரண்டு வருஷத்தில் டாக்டர் பட்டத்துடன் திரும்பி வந்துவிட்டார். சென்னை சர்வகலாசாலையில் புதிதாகப் பௌதிகப் பகுதி தொடங்க விரும்பிய துணைவேந்தர் லக்ஷ்மணசாமி முதலியாருக்கு, ராமன் இவரைச் சிபாரிசு செய்தார். 1952-இல், முப்பது வயதில், ராமசந்திரன் அந்தப் பகுதிக்குத் தலைவரானார்.

அவருக்கு என்ன ஆராய்ச்சி வாய்த்தது? அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் இருந்தது. தோலிலும் எலும்பிலும் நரம்புக் கட்டிலும் இருக்கும் 'கொலாஜன்' என்ற புரதத்தின் அமைப்பு அப்போது உலகத்தில் யாருக்கும் புரியாமல் இருந்தது. சென்னையில் உட்கார்ந்து, கோபிநாத் கர்த்தா என்ற சகாவோடு சேர்ந்து, அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று கண்டுபிடித்தார். 1963-இல் அவரும் அவருடைய சகாக்களும் வரைந்த 'ராமசந்திரன் படம்' இன்றைக்கும் உலகம் முழுவதும் உயிரியல் மாணவர்களின் புத்தகத்தில் இருக்கிறது. அவருக்கு நோபல் பரிசு வரவில்லை. ஆனால் அவரிடம் பயின்றவர்கள் இந்த மண்ணிலேயே ஒரு பரம்பரையாக வளர்ந்தார்கள். பரிசை எண்ணினால் ஒரு கணக்கு; சிஷ்யர்களை எண்ணினால் வேறு கணக்கு.

பர்மா சொன்ன பாடம்

இவர்களெல்லாம் மேதாவிகள், சம்பாத்தியத்துக்குப் போகும் சாதாரண மனிதனுக்கு இது பொருந்துமா என்று நேயர்கள் கேட்கலாம். அவனுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

நம்மவர்கள் பர்மாவுக்குப் போய்ச் சம்பாதித்த காலம் ஒன்று இருந்தது. கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் ஜில்லாக்களில், ஏறக்குறைய கால் பங்கு நிலம் 1930-களின் இறுதிக்குள் செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. மூட்டை தூக்கவும் வயலில் உழைக்கவும் போன ஏழைகளோ பல லக்ஷம் பேர். 1942-இல் ஜப்பானியர் படையெடுத்து வந்தார்கள். லக்ஷக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். மிஞ்சியிருந்தவர்களுடைய கடைகளும் சொத்துக்களும் 1962-இல் நெவின் ஆட்சிக்கு வந்த பிறகு தேசவுடைமையாயின. அவர்களும் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பர்மா பஜாரும், அந்தப் பக்கத்துத் தெருவில் விற்கும் 'அத்தோ'வும் அவர்கள் கொண்டு வந்த மிச்சம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் கதை இன்னும் கொடியது. 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் அவர்கள் எந்தத் தேசத்துக்கும் பிரஜைகள் அல்லாதவர்கள் ஆனார்கள். 1964-இல் இரண்டு பிரதம மந்திரிகள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லக்ஷம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக் கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள்! எத்தனை காலம் உழைத்தாலும், உரிமை என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்காத மண் நம்முடையதாகிவிடாது என்பதுதான் இதில் உள்ள பாடம்.

இக்காலத்துக் கணக்கு

இன்று கப்பலுக்குப் பதில் விமானம். கடிதத்துக்குப் பதில் கைப்பேசியில் முகத்தையே பார்த்துப் பேசுகிறோம். பணமும் தாராளமாக வருகிறது. வெளிநாடுகளில் இருப்பவர்கள் 2022-இல் இந்தியாவுக்கு அனுப்பிய தொகை 11,100 கோடி டாலருக்கு மேல். வேறெந்தத் தேசமும் அவ்வளவு பெற்றதில்லை. அந்தப் பணத்தால் எத்தனையோ வீடுகளில் கடன் அடைந்திருக்கிறது. தங்கைகளின் படிப்பு நடந்திருக்கிறது. இதை அற்பமென்று சொல்ல நமக்கு மனம் வராது.

ஆனால் பர்மாக் கேள்வி இன்னும் போகவில்லை. வளைகுடா நாடுகளில் இருபது வருஷம் உழைத்தாலும் பிரஜா உரிமை கிடைப்பது மிகவும் அரிது. ஒரு நாள் திரும்பியே தீரவேண்டும். ஆகவே அங்கே போகிறவன் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே திரும்பும் நாளுக்காகச் சேமிக்க வேண்டும். அமெரிக்காவிலோ, உத்தியோகத்தை முன்னிட்டு வருஷந்தோறும் வழங்கும் நிரந்தரவாச அனுமதிகளில் எந்த ஒரு தேசத்தாருக்கும் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் சாதாரணமாகக் கிடையாது. அதனால் நம்மவர்கள் பல வருஷம் வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் வேலை போனால், வேறு வேலை தேடிக்கொள்ள அறுபது நாள் தவணை.

அந்நாட்டுப் பிரஜையாகிவிட்டால் இந்தியப் பிரஜா உரிமை போய்விடும். இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள நமது சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2005-இல் ஏற்பட்ட கடல்கடந்த இந்தியர் அட்டையை வைத்துக்கொண்டு வரலாம், தங்கலாம். ஆனால் வோட்டுப் போடவோ விவசாய நிலம் வாங்கவோ முடியாது.

பெற்றோர் விஷயத்துக்கும் சட்டம் இருக்கிறது. வயதான தாய் தந்தையரைப் பராமரிக்க வேண்டும் என்ற 2007-ஆம் வருஷத்துச் சட்டம், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியப் பிரஜைகளையும் கட்டுப்படுத்தும். ஆனால் சட்டம் ஜீவனாம்சம் வாங்கிக் கொடுக்கும். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போகாது.

நண்பருக்கு நாம் சொன்னது

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னோம். "பையன் அங்கே செய்யப்போகும் வேலை இங்கே இல்லாத வேலையா, அல்லது இங்கே உள்ள வேலைக்கே அதிகச் சம்பளமா என்று முதலில் கேளுங்கள். வித்தைக்காகப் போவதானால் தடுக்காதீர்கள். பணத்துக்காகப் போவதானால், எவ்வளவு பணம், எத்தனை வருஷம் என்று புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்யச் சொல்லுங்கள். 'இன்னும் ஒரு வருஷம்' என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிச் சொல்லித்தான் பெரும்பாலோர் திரும்பாமல் போகிறார்கள். உங்களுக்கு உடம்புக்கு வந்தால் யார் வருவார்கள் என்பதையும் கூச்சமில்லாமல் பேசிவிடுங்கள்" என்றோம்.

நண்பர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் பெங்களூர் என்று சொன்னபோதெல்லாம் தேசம், தேசம் என்றுதான் பேசினேன். உண்மையில் அது தேசத்துக்காக அல்ல, ஸார். எனக்குப் பயம், அவ்வளவுதான்" என்றார்.

"அதையும் பையனிடம் அப்படியே சொல்லுங்கள்" என்றோம்.

போன வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பையன் அமெரிக்காவுக்குத்தான் போகிறானாம். அங்கே உள்ள ஆராய்ச்சிச் சாலையைப் போல் இங்கே இன்னும் ஏற்படவில்லையாம். மூன்று வருஷம் என்று தவணை சொல்லியிருக்கிறான். தாயாருக்குக் கண் சிகிச்சை செய்து முடித்த பிறகே பிரயாணமாம். "எனக்குப் பூரண சம்மதம், ஆனால் வருத்தம் வருத்தந்தான்" என்று எழுதியிருந்தார் நண்பர்.

கடிதத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது: "போகச் சொன்னவள்தான் இப்போது இராத்திரியில் தூங்குவதில்லை."