கோயிலுக்கு எழுதிய உயில் செல்லுமா?

ராயபுரம் ராயப்பர் கோயில் என்கிற சர்ச், படகோட்டிகள் போட்ட பணத்தில் எழுந்தது. மூலக்கொத்தளம் பக்கம் இன்றைக்கும், "எனக்குப் பிறகு இதில் ஒரு பங்கு சர்ச்சுக்கு" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. வாயால் சொன்னால் போதாது. உயில் இல்லாமல் கிறிஸ்தவர் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. மகனுக்கும் மகளுக்கும் சமம். சர்ச்சுக்கு ஒன்றும் கிடையாது.

முன்பு உயில் எழுதினாலும் சிக்கல்தான். அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளோ அதைவிட நெருங்கிய உறவோ இருந்தால், சாவுக்கு 12 மாதம் முன்பே எழுதி, எழுதிய 6 மாதத்துக்குள் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் இல்லாத கட்டு இது. கேரளப் பாதிரியார் ஜான் வள்ளமற்றம் வழக்குப் போட்டார். 2003 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

இப்போது ஆபத்து சாட்சிக் கையெழுத்தில் இருக்கிறது. உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். பாதிரியாரின் சொந்தப் பெயருக்கு ஏதாவது எழுதிவிட்டு அவரையே சாட்சியாக்கினால், உயில் நிற்கும், அவருக்கு எழுதியது போகும். சாட்சியின் கணவனுக்கோ மனைவிக்கோ எழுதினாலும் அதே கதி. சர்ச் ஆட்களே வக்கீலைப் பிடித்து, எழுதவைத்து, கூடவே உட்கார்ந்திருந்தால் 'மிரட்டி வாங்கினார்கள்' என்று பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போக வழி பிறக்கும். வெளியாள் இருவரை, முடிந்தால் டாக்டர் ஒருவரையும் சேர்த்து, சாட்சியாக வைப்பதே உத்தமம். 'நம்ம சர்ச்சுக்கு' என்றும் எழுதக் கூடாது. சொத்து எந்த அமைப்பின் பெயரில் நிற்குமோ, அந்த மறைமாவட்டம் அல்லது டிரஸ்டின் முழுப்பெயர் வேண்டும்.

இன்னொன்று, அரசு வாரியம் ஒதுக்கிய குடியிருப்பு. கையில் ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருந்து விற்பனைப் பத்திரம் வராத வீட்டைச் சொந்த வீடுபோல உயிலில் எழுதிவிட முடியாது.

உயில் எழுதியபின் கல்யாணம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும்; மறுமணம் செய்பவர்கள் புதிதாக எழுத வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்வது நல்லது.

உயிரோடு இருக்கும்போதே தானப்பத்திரம் எழுதினால் பிறகு மனம் மாறியும் பயனில்லை. 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு 60 வயதைக் கடந்தவர் எழுதி, அது மீறப்பட்டால் மட்டும், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி தீர்ப்பாயத்தில் ரத்து கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசம்.