ஹார்டு டிஸ்க் இல்லாத கணினி பாதியில் நின்றால்

நன்னிலத்தில் ஒரு பள்ளியின் கணினி அறை உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வர் ஒன்றுதான். மற்ற கணினிகளில் ஹார்டு டிஸ்க் கிடையாது. லினக்ஸ் கேபிள் வழியாகவே வந்து சேர்கிறது. 1999-ல் ஜிம் மெக்குவிலன் தொடங்கிய எல்டிஎஸ்பி இதற்கென்றே உள்ள திட்டம். செலவு குறைவு, பழைய கணினிக்கும் வேலை கிடைக்கும். ஆனால் ஒரு நாள் காலையில் திரை பாதியில் நின்றுவிடும்.

முதலில் எதைப் பார்ப்பது? நின்றது ஒரு கணினியா, எல்லாமா என்று பாருங்கள். ஒன்று என்றால் கேபிளையோ நெட்வொர்க் கார்டையோ சோதியுங்கள். எல்லாமே என்றால் சர்வர் பக்கம் போங்கள்.

கணினி எழும்போது ஓடும் தொடக்க ஸ்கிரிப்ட்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? கணினி முதலில் டிஎச்சிபி-யிடம் (முகவரி வழங்கும் சேவை) முகவரி கேட்கும். பிறகு கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) வரும். அது சர்வரிலுள்ள ஒரு கோப்புறையை என்எஃப்எஸ் (கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் முறை) வழியாகத் தன் டிஸ்க்காக எடுத்துக்கொள்ளும். தொடக்க ஸ்கிரிப்டுகள் அதற்கப்புறம்தான் ஓடும். முகவரியே கிடைக்காத கணினியில் ஸ்கிரிப்டைத் திருத்துவது வீண் வேலை.

கரண்ட் போய் வந்தால் மட்டும் இப்படி ஆகிறதா? நம் பக்கம் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எல்லாம் ஒரே நேரத்தில் எழுகின்றன. சர்வர் தயாராவதற்குள் மற்றவை கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடுகின்றன. சர்வரையும் சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் இணையுங்கள். சுவிட்சில் எஸ்டிபி (கேபிள் வளையம் உண்டாகாமல் காக்கும் ஏற்பாடு) இருந்தால் ஒரு போர்ட் திறக்கவே 30 நொடி ஆகலாம். கணினிகள் செருகியுள்ள போர்ட்டுகளில் ‘போர்ட்ஃபாஸ்ட்’ வசதியைப் போடச் சொல்லுங்கள்.

ஸ்கிரிப்டில் என்ன தவறு இருக்கும்? நெட்வொர்க்கை நிறுத்தித் திரும்பத் தொடங்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். சாதாரணக் கணினியில் அதனால் தொல்லை இல்லை. இங்கே அது உட்கார்ந்த கிளையை வெட்டும் வேலை: நெட்வொர்க் போனால் டிஸ்க்கும் போய்விடும், கணினி அப்படியே உறைந்துவிடும். அடுத்த சந்தேகம், எழுத அனுமதி இல்லாத இடத்தில் எழுத முயலும் வரி. பொதுக் கோப்புறை படிக்க மட்டும் திறந்திருக்கும். எழுத வேண்டியதை நினைவகத்துக்குத் திருப்புங்கள். எல்லாக் கணினிகளும் ஒரே பெயரில் எழுகின்றனவா என்றும் பாருங்கள். ஒரே கோப்பில் எல்லாம் எழுதப்போனால் ஒன்றின் தகவலை இன்னொன்று அழிக்கும்.

பிழைச் செய்தியைத் தேடினால் காணோமே? பெரும்பாலும் அது நினைவகத்தில் இருந்திருக்கும். மறுபடி போட்டதும் அழிந்திருக்கும். அதனால் அவசரப்பட்டு அணைக்காதீர்கள். திரையைக் கைபேசியில் படம் எடுங்கள். கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ‘க்வயட்’ என்ற சொல் இருந்தால் நீக்குங்கள். மறைந்திருந்த செய்திகள் திரையில் ஓடும். பதிவுகள் சர்வருக்கே போகும்படி அமைத்துவிட்டால் இன்னும் நல்லது.

திருத்தும் முன் ஒரு வேண்டுகோள். எல்லாக் கணினிக்கும் அடிப்படை அந்த ஒரே கோப்புறை. அதில் ஒரு எழுத்து பிசகினால் அறை முழுவதும் நிற்கும். அதன் நகல் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு கணினியை அந்த நகலுக்குத் திருப்பி, அதில் சரியாக ஓடிய பிறகே மற்றவற்றுக்கு மாற்றுங்கள்.