பெயர் மறையலாம், பிள்ளை மறையக் கூடாது

காவலில் எடுக்கப்படும் சிறாருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன? பெற்றோர் உடனே செய்ய வேண்டியது என்ன?

இரவு ஒன்பது மணி. வேலை முடிந்து அண்ணனூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார் ஒரு தாய். செல்போன் ஒலிக்கிறது. "உங்க பையன் எங்ககிட்ட இருக்கான். திருட்டு கேஸ். காலையில வாங்க" என்கிறது அறிமுகமில்லாத குரல். எந்த ஸ்டேஷன் என்று கேட்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்படுகிறது.

இது நாம் கற்பனை செய்துகொண்ட காட்சிதான். ஆனால், பள்ளியை நிறுத்திவிட்டு வேலைக்கும் தெருவுக்கும் இடையே அலையும் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டுக்கும் இந்த அழைப்பு வரலாம். அம்பத்தூருக்கும் வரலாம், ஆவடிக்கும் வரலாம். அப்போது காலை வரை காத்திருக்கலாமா? கூடாது. அதற்கான காரணத்தைச் செங்கல்பட்டு நமக்குச் சொல்லியிருக்கிறது.

செங்கல்பட்டில் நடந்தது

2022 டிசம்பர் இறுதியில், ரயில்வே பேட்டரியைத் திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் சேர்க்கப்பட்டான். டிசம்பர் 31 அன்று அவன் உயிருடன் இல்லை. பிரேதப் பரிசோதனையில் உடலில் காயங்கள் இருந்தது தெரியவந்தது. இல்லப் பணியாளர்கள் 6 பேர் கைது செய்யப்பட்டனர். சிறார் இல்லங்களைச் சீரமைக்கப் பரிந்துரைகள் தருவதற்காக, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்ட ஒரு நபர் குழுவை 2023-இல் தமிழக அரசு அமைத்தது.

இதே செங்கல்பட்டில்தான் 1887-இல் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. குழந்தைகளுக்கென இந்தியாவிலேயே முதல் தனிச் சட்டத்தை 1920-இல் இயற்றியதும் அன்றைய சென்னை மாகாணம்தான். பிள்ளைகளைச் சிறையில் தள்ளக் கூடாது என்று நூறாண்டுகளுக்கு முன்பே சட்டம் எழுதிய மண்ணில், பாதுகாப்புக்கென்று அனுப்பப்பட்ட இடத்திலேயே ஒரு பிள்ளை செத்துப்போனான். இந்த வலியை மனதில் வைத்துக்கொண்டே சட்டத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதல் 24 மணி நேரம்

சிறார் நீதிச் சட்டம் 2015, 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே அழைக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட குழந்தையை எந்தச் சூழ்நிலையிலும் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்கிறது அதன் 10-வது பிரிவு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது இந்தக் குழுமம். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் இன்னும் நுணுக்கமாகப் பேசுகின்றன. பிள்ளைக்குக் கைவிலங்கு போடக் கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் சிறாருக்கென ஒரு குழந்தை நலக் காவல் அலுவலர் இருக்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றங்களில்தான் சிறாரைப் பிடித்து வைக்கும் அதிகாரத்தைப் பொதுவாகப் பயன்படுத்த வேண்டும். மற்ற வழக்குகளில், பிள்ளையின் நலனுக்கே அது தேவை என்றால் ஒழியப் பிடித்து வைக்கக் கூடாது. அவனுடைய குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையைக் குழுமத்துக்கு அனுப்பிவிட்டு, எந்த நாளில் அழைத்துவர வேண்டும் என்று பெற்றோரிடம் சொன்னால் போதும். சாதாரணத் திருட்டுப் புகாருக்காக ஓர் இரவைக்கூடப் பிள்ளை வீட்டுக்கு வெளியே கழிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

வயது எனும் கதவு

பதினேழு வயதுப் பையனுக்கு மீசை அரும்பியிருக்கும், தோள் அகன்றிருக்கும். காவல் பதிவேட்டில் 19 என்று எழுதப்பட்டால் அவனுடைய பாதையே மாறிப்போகும். சிறாருக்கான கூர்நோக்கு இல்லத்துக்குப் போக வேண்டியவன், அண்ணனூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத புழல் சிறையில் பெரியவர்களோடு இருக்க நேரும்.

வயதை உறுதிசெய்யப் பள்ளிச் சான்றிதழையோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையோதான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறது 94-வது பிரிவு. அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. சம்பவம் நடந்தபோது தனக்கு 18 வயது நிறையவில்லை என்பதை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். வீட்டு பீரோவில் மடித்து வைத்திருக்கும் அந்த ஒரு காகிதம், வக்கீல் வருவதற்கு முன்பே பிள்ளைக்காகப் பேசும்.

இல்லத்துக்குள்

ஜாமீன் விஷயத்தில் பெரியவர்களுக்கும் சிறாருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. 12-வது பிரிவின்படி, பிள்ளைக்கு ஜாமீன் தருவதுதான் விதி. அவன் குற்றவாளிகளுடன் சேர வாய்ப்பிருந்தாலோ, அவனுக்கே ஆபத்து நேரும் என்றாலோ, நீதி குலையும் என்றாலோதான் மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். விசாரணை நடக்கும் காலத்தில் தங்கவைக்கப்படும் இடம் கூர்நோக்கு இல்லம். சென்னையில் கெல்லீஸில் இருப்பது அப்படி ஒன்று. குற்றம் உறுதியான பிறகு அனுப்பப்படும் இடம் சிறப்பு இல்லம். அங்கே அதிகபட்சம் 3 ஆண்டுகள்.

காவலுக்குள் போகிறவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் ஆபத்து முதல் சில நாள்களில்தான் அதிகம் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. பயமும் அவமானமும் தனிமையும் சேர்ந்து நெஞ்சை அடைக்கும் நேரம் அது. போதைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு, அதைத் திடீரென நிறுத்துவதால் வரும் உடல் துன்பமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். கை நடுங்கி, தூங்காமல், கத்திக்கொண்டிருக்கும் அவனை 'அடங்காதவன்' என்று எண்ணி அடிப்பது அறியாமை மட்டுமல்ல, குற்றமும்கூட. அவனை மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஆற்றுப்படுத்துநர் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும். தேவைப்பட்டால் சிகிச்சை மையத்துக்கு மாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது.

சிறியவர்களையும் வளர்ந்தவர்களையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். இல்லத்தை நடத்துபவரோ பணியாளரோ பிள்ளையைத் துன்புறுத்தினால் 5 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்தை நேரில் பார்வையிட வேண்டும். பெரியவர்களின் சிறைகளிலும் குழந்தை யாரும் அடைபட்டிருக்கிறார்களா என்று தேட வேண்டும்.

விதி எழுதுவதில் நமக்குக் குறையில்லை. ஆனால், அடி விழுவது யாரும் பார்க்காத இடத்தில்தான். பார்க்கும் கண்கள் கூடக் கூட ஓங்கிய கை தாழும்.

லண்டன் கற்ற பாடம்

அந்தக் கண்கள் விசாரணை அறையிலும் வேண்டும் என்பதை ஒரு வழக்கு காட்டியது. 1972-இல் லண்டனில் மேக்ஸ்வெல் கான்ஃபெயிட் என்பவர் கொல்லப்பட்டார். மூன்று பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போலீஸ் சொன்னது. ஒருவருக்கு 18 வயது, ஆனால் மனவளர்ச்சி சிறு குழந்தைக்கு உரியது. மற்ற இருவருக்கும் 15, 14 வயது. தண்டனை பெற்று ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் போன பின், 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. துணைக்குப் பெரியவர் யாரும் இல்லாமல் எடுக்கப்பட்ட வாக்குமூலம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த நாடு புரிந்துகொண்டது. 1984-இல் வந்த சட்டத்தின் கீழ், சிறாரைப் போலீஸ் விசாரிக்கும்போது பெற்றோரோ அந்த இடத்தில் நிற்கத் தகுந்த வேறு பெரியவரோ உடன் இருப்பது கட்டாயமானது.

மறைய வேண்டியது எது?

செங்கல்பட்டுச் சிறுவனின் பெயரை இந்தக் கட்டுரை எழுதவில்லை. சட்டத்தின் 74-வது பிரிவு, வழக்கில் தொடர்புடைய குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையாக இருந்தபோது செய்த தவறு அவனை வாழ்நாள் முழுக்கத் துரத்தக் கூடாது என்பதே நோக்கம். வாட்ஸ்அப்பில் ஒரு சிறுவனின் படத்தைப் பகிர்வது, அவன் வேலைக்குப் போகும் வழியை இப்போதே அடைப்பதாகும்.

சட்டம் மறைக்கச் சொல்வது பெயரை. மறைக்கக் கூடாதது பிள்ளையை. அவன் எங்கே இருக்கிறான், யார் பொறுப்பில் இருக்கிறான், சாப்பிட்டானா, உடம்பில் காயம் உண்டா என்று பெற்றோருக்கும் வக்கீலுக்கும் மருத்துவருக்கும் குழுமத்துக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தெரிய வேண்டும். பல நேரம் இது தலைகீழாக நடக்கிறது. படம் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. பிள்ளை எங்கே என்று தாய்க்குத் தெரிவதில்லை.

அழைப்பு வந்தால்

எந்தக் காவல் நிலையம், பேசுகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள். அழைப்பு வந்த எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வயதுச் சான்றிதழின் நகல், மாற்றுத் துணி, பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, மருந்துச் சீட்டு ஆகியவற்றோடு உடனே கிளம்புங்கள். வலிப்பு, ஆஸ்துமா, போதைப் பழக்கம் எதுவாக இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வழியிலேயே 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் வக்கீல் இல்லாமல் நிற்க வேண்டியதில்லை.

ஸ்டேஷனில் சத்தம் போட வேண்டாம். ஆனால் "பையனைப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். பார்க்க விடும்வரை திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பார்த்ததும் முகத்தை, கையை, நடையைக் கவனியுங்கள். காயம் இருந்தால் குழுமத்தின் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவப் பரிசோதனை கேளுங்கள்.

தப்பு செய்தவனுக்காக ஏன் ஓட வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்கலாம். அவன் செய்தானா இல்லையா என்பதைக் குழுமம் விசாரித்துச் சொல்லட்டும். அதைக் கேட்க அவன் உயிரோடு இருக்க வேண்டும். அதனால்தான், "காலையில வாங்க" என்ற பிறகும் அந்தத் தாய் அன்றிரவே கிளம்ப வேண்டும்.