லயத்துச் சமையலும் கணினிக் கணக்கும்

இன்று என்ன சமைப்பது என்னும் கேள்விக்கு நாள்தோறும் விடை காண வேண்டிய பொறுப்பு நம் தாய்மாருக்கே வாய்த்திருக்கின்றது. அரிசி எவ்வளவு மீதி, பருப்பு மாத முடிவுவரை காணுமா, மூத்தவன் எதை ஒதுக்கி வைப்பான், மாமியாருக்கு வைத்தியர் எதை விலக்கச் சொன்னார் ஆகிய அத்தனையையும் அடுப்பு மூட்டுவதற்குள் மனத்திலேயே கூட்டிக் கழித்து முடித்துவிடுகின்றனர். இந்தக் கணக்கைக் கைத்தொலைபேசியில் இயங்கும் மென்பொருளொன்றிடம் ஒப்படைக்கலாம் என்று இக்காலத்தில் பலர் முயன்று வருகின்றனர். வயது, எடை, செய்யும் தொழில், உள்ள நோய் ஆகியவற்றைத் தெரிவித்தால், காலைக்கு இது, மதியத்துக்கு இது, இரவுக்கு இது என்று அது அட்டவணை வகுத்துத் தருகின்றது. பெருநகரங்களில் இத்தகைய சாதனத்தை நாடுவோர் பெரும்பாலும் உடல் மெலிய விரும்புவோரே. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ உள்ள தேயிலைத் தோட்டத்து லயமொன்றுக்காக அதனை வகுப்பதாயின், அது எவ்வாறு இருத்தல் வேண்டும்? கணினி பயிலும் மாணவரும் வீட்டை நடத்தும் தாயும் ஒருங்கிருந்து ஆராயத்தக்க கேள்வி இது.

ஆராய வேண்டிய காரணம் வெளிப்படை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். பெருந்தோட்டப் பகுதியிலோ அத்தொகை நூற்றுக்கு 32. இஃது உருவத்தில் சிறுமை மட்டுமன்று. கருவிலும் முதல் இரண்டாண்டுகளிலும் நீண்ட நாள் போஷாக்குக் குறைந்ததன் அடையாளமாகும். பின்னர் பள்ளிப் படிப்பையும் உழைக்கும் வலிமையையும் அது தொடர்ந்து பாதிக்கின்றது.

குன்னூரில் பிறந்த அட்டவணை

உணவைக் கணக்கிட வேண்டுமெனில், எந்தப் பண்டத்தில் எந்தச் சத்து எவ்வளவு என்ற பட்டியல் முதலில் வேண்டும். நம்மவருக்கான அத்தகைய பட்டியல் பிறந்த இடமும் ஒரு தேயிலை மலையே என்பது பலர் அறியாத செய்தி. நீலகிரியிலுள்ள குன்னூரில், பாஸ்டர் ஆய்வுநிலையத்தின் ஓர் அறையில், 1918ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அவருக்குப் பின் அங்கே தலைவராயிருந்த அய்க்ராய்ட், 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும், திருப்தியான உணவைத் திட்டமிடும் முறையையும் விளக்கிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். இன்றைய செயலிகள் செய்ய முயலும் வேலையை அச்சிட்ட தாளில் அன்றே செய்து காட்டிய நூல் அது. அந்த ஆய்வுகூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. இந்தியாவின் தேசிய போஷாக்கு நிலையமாக இன்று விளங்குவது அதுவே. 2019இல் அந்நிலையம் 'நியூட்ரிஃபை இந்தியா நௌ' என்னும் செயலியை வெளியிட்டது. ஆக, குன்னூரின் ஓர் அறையில் தொடங்கிய பணி, நூறாண்டு கழித்துச் சட்டைப் பையில் அடங்கும் கருவிக்குள் வந்து சேர்ந்திருக்கின்றது.

பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. எதை எவ்வளவு சேர்ப்பது என்னும் கணக்கு வேறு. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945இல் இதனை ஒரு புதிராகவே எடுத்துக்கொண்டார். 77 உணவுப் பண்டங்கள், 9 சத்துகள், ஓர் ஆடவனுக்கு வேண்டிய சத்துகள் யாவும் மிகக் குறைந்த செலவில் கிடைக்க எதை வாங்கவேண்டும்? அவர் கண்ட விடை ஆண்டொன்றுக்கு 39.93 டொலர். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் என்பார் புதிய கணித முறையொன்றை வகுத்தபோது, அதனைச் சோதிக்க இதே புதிரைக் கொடுத்தனர். ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்குப்பொறிகளுடன் அமர்ந்து செய்த அவ்வேலை, ஒருவரே செய்திருந்தால் 120 நாள் பிடித்திருக்கும் என்பர். விடை 39.69 டொலர். ஸ்டிக்லர் தம் மதிநுட்பத்தால் நெருங்கி வந்து 24 சதத்தில் தவறவிட்டிருந்தார்!

அவர் பட்டியலில் மிஞ்சியவை எவை தெரியுமா? கோதுமை மா, காய்ந்த அவரைவிதை, கோவா, ஒரு வகைக் கீரை, தகரப்பால். இதைப் படிக்கும் மலைநாட்டு வாசகர்களுக்குச் சிரிப்பு வரலாம். கோதுமை ரொட்டியும் பருப்பும் கோவாச் சுண்டலும் நம் லயங்களில் எந்தக் கணிதமும் இன்றியே வந்து சேர்ந்தவையல்லவா? மலிவு என்னும் ஒரே நோக்கத்தை வைத்துக்கொண்டால் நிபுணனும் ஏழையும் ஒரே கடை வாசலில்தான் போய் நிற்கின்றனர். தம் பட்டியல் எவருக்கும் பரிந்துரைப்பதற்கன்று என்பதை ஸ்டிக்லரே தெளிவாக எழுதி வைத்தார்.

டான்ட்சிக்கின் கதை இன்னும் சுவையானது. 1950களின் தொடக்கத்தில் வைத்தியர் உடல் எடையைக் குறைக்கச் சொன்னபோது, அவர் தம் உணவைக் கணினியே தீர்மானிக்கட்டும் என்று முடிவு செய்தார். வயிறு நிறைந்த உணர்வு வேண்டுமென்பதற்காக, நீரின் எடையைக் கழித்து எஞ்சும் உணவின் எடை மிக அதிகமாக இருக்கவேண்டும் என்று அதற்குக் கட்டளையிட்டார். கணினி தந்த முதல் நாள் உணவில் 500 கலன் வினாகிரி இருந்தது! வினாகிரியில் நீரே இல்லை என்று பட்டியலில் பதிவாகியிருந்ததே காரணம். வினாகிரியை நீக்கினார்; நாளொன்றுக்கு 200 சூப்புக் கட்டிகளை உண்ணுமாறு மறு விடை வந்தது. உப்புக்கு மேல்வரம்பு இடப்படவில்லை. அதற்கும் வரம்பிட்டார்; தவிடு வந்தது. அதன்பின் கரும்பாலைப் பாகு வந்தது. இறுதியில் அவருடைய மனைவியார் பொறுமையிழந்து, கணினியின் யோசனைகளில் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு, தாமே அவருக்கு உணவு வகுத்துக் கொடுத்தாராம். மென்பொருள் வகுக்கும் மாணவர்கள் அந்த அம்மையாரை மறத்தலாகாது. சொல்லாமலே நமக்குத் தெரிந்தவை எத்தனையோ உள. சொல்லாவிடில் கணினிக்கு அவற்றுள் ஒன்றும் தெரியாது.

ஒரே பானை, ஐந்து தட்டுகள்

லயத்து வீட்டைப் பற்றி அதற்குச் சொல்லவேண்டியவை எவை?

இத்தகைய செயலிகள் 'தனிநபருக்கேற்ற உணவு' என்றே விளம்பரம் செய்யப்படுகின்றன. லயத்துக் காம்பராவில் தனிநபருக்கென்று அடுப்பு ஏது? கொழுந்தெடுக்கும் தாய், கவ்வாத்து வெட்டும் தந்தை, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள், மூன்று வயதுச் சிறுவன், நீரிழிவுள்ள பாட்டி என்று ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். ஐவர்க்கும் பானை ஒன்றே. தேசிய போஷாக்கு நிலையம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, கடின உழைப்புள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2,720 கலோரி வேண்டும். உட்கார்ந்தே வேலை செய்பவளுக்கு 1,660 போதும். ஒன்று முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைக்கு 1,010. இவை 55 கிலோ எடையுள்ள பெண்ணையும் அதற்கேற்ற குழந்தையையும் முன்வைத்துச் சொன்னவை. எடை குறைந்தவர்க்குக் கணக்கும் குறையும். குழந்தையின் 1,010 கலோரியையும் ரொட்டியாலேயே கொடுத்துவிடலாமென்று கணக்குச் சொல்லும். ஆனால் அச்சிறு வயிறு ஒரே வேளையில் அவ்வளவு ரொட்டியைக் கொள்ளாதே! சிறிது சிறிதாக, ஐந்தாறு வேளைகளில், தேங்காயோ எண்ணெயோ சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். பெற்றோர் மலையில் நிற்கும் நேரத்தில் அவ்வேளைகளைக் கவனிப்பது பிள்ளை மடுவமே. ஆகவே மடுவத்தில் என்ன உண்டான் என்பதும் கணக்கினுள் வரவேண்டும்.

ஆதலின், இவ்விடத்துக்கேற்ற மென்பொருள் ஐந்து வெவ்வேறு சமையல்களை வகுக்கக் கூடாது. ஒரு சமையலை வகுத்து, அதனைப் பகிரும் முறையையே வேறுபடுத்திக் காட்டவேண்டும். முட்டை இரண்டே இருந்தால் எவர் தட்டுக்கு? பாட்டிக்கு ரொட்டியில் ஒன்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுவது எப்படி? அனைவருக்கும் பரிமாறியபின் சட்டியில் எஞ்சியதை உண்ணும் வழக்கமுடைய தாய்க்கு, பரிமாறுமுன் எவ்வளவு எடுத்து வைப்பது? கடைசிக் கேள்வியைக் கேட்கும் துணிவு மென்பொருளுக்கு இருந்தால் அதுவே பெரிய காரியம். 1973இல் தொடங்கப்பட்ட திரிபோஷத் திட்டத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். சோளமும் சோயாவும் கலந்த அந்த மா, எடை குறைந்த ஒரு குழந்தையின் பெயரில் கொடுக்கப்படுகின்றது. வீட்டுக்கு வந்ததும் அக்காளும் அண்ணனும் கை நீட்டுகின்றனர். எந்தத் தாய் மறுப்பாள்? பெயருக்குரியவனுக்குக் கிடைப்பது பாதியென்றால், கணக்கும் பாதியென்றே எடுத்தல் வேண்டும்.

ரொட்டியின் விடயத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. நூறு கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 350 கலோரியும் 10 கிராம் புரதமும் இருக்கின்றன. நிறைய உண்டால் புரதக் கணக்கும் தாளில் நிறைந்துவிடும். ஆயினும் கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. மைசூர்ப் பருப்பில் அது மிகுதி. ஆகவே ரொட்டியுடன் ஒரு கரண்டிப் பருப்பு சேர்ந்தால் இரண்டின் பயனும் உயர்கின்றது. தேங்காய்ச் சம்பல் மட்டும் சேர்ந்தால் அவ்வாறில்லை. புரதத்தை ஒரே எண்ணாகக் கூட்டும் மென்பொருளுக்கு இவ்வேறுபாடு தெரியாது.

தேநீரின் கதையோ விந்தை. உலகமெல்லாம் பருகும் தேயிலையைக் கிள்ளித் தருபவளின் இரத்தத்திலேயே அது கை வைக்கின்றது. பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டுமென்பது மேற்சொன்ன நிலையத்தின் கணக்கு. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைத் தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் பற்றிக்கொள்வதால், உணவோடு சேர்த்துக் கடும் தேநீர் பருகும்போது உடலில் சேரும் இரும்பு பாதிக்கும் மேலாகக் குறையக்கூடும். உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி விட்டால் இத்தீங்கு பெரிதும் குறைகின்றது. தேசிக்காய்ச் சாறோ கொய்யாப்பழமோ சேர்ந்தால் இரும்பு நன்கு ஏறுகின்றது. செலவே இல்லாத வைத்தியம் இது. ஆனால் பெரட்டுக்களத்துக்கு ஓடும் காலையில், குளிரில், ரொட்டியைத் தேத்தண்ணீரில் தோய்த்து உண்பவளிடம் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்வது எளிதன்று. காலைத் தேநீரை எழுந்தவுடனேயும், ரொட்டியைப் பத்து மணிக்கு மலையிலும் வைக்கலாமா என்று அவளையே கேட்டறிந்து வேளையை மாற்றும் மென்பொருளே உதவும்.

இனி அளவுகள். கிராமில் கேட்டால் விடை வராது. சுண்டிலும் கொத்திலும் கேட்கவேண்டும். எழுத்துப் பழக்கமில்லாத பாட்டிக்குக் குரலாலேயே பேசவேண்டும். தோட்டத்துத் தமிழிலேயே பேசவேண்டும். மலைச்சரிவுகளில் அலைத்தொடர்பு அறுந்துவிடும் இடங்கள் பல; ஆகவே இணையமின்றியும் அது இயங்கவேண்டும். விலைகளை வீட்டாரே மாற்றிக்கொள்ள வழி இருக்கவேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலைகள் ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 94.9 வீதம் உயர்ந்து நின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் விலைகளைப் பதித்து வைத்த எந்தத் திட்டமும் அந்த ஆண்டு முடியுமுன் குப்பைக்கே போயிருக்கும். சம்பளம் மாதமொருமுறை வருவதால், கையில் காசுள்ள முதல் வாரத்துக்கும் கடையில் கடன் கேட்கும் நான்காம் வாரத்துக்கும் ஒரே பட்டியலை நீட்டுவதும் பேதைமையாம்.

குழந்தையின் எடை, தாயின் இரத்தசோகை, வீட்டுக் கடன் ஆகியவற்றை அறிந்த மென்பொருள் வாய் காக்கவும் வேண்டும். மருத்துவ மாதுக்குக் காட்டுவது தாயின் விருப்பம். தோட்ட அலுவலகத்துக்கோ கடைக்காரருக்கோ அவை ஒருபோதும் போகக்கூடாது.

விடையில்லா விடை

டான்ட்சிக்கின் முறையில் இன்னுமோர் இயல்பு உண்டு. இட்ட நிபந்தனைகள் யாவற்றையும் நிறைவேற்றும் வழியே இல்லாவிடில், 'தீர்வு இல்லை' என்று அது சொல்லிவிடும். லயத்து வீட்டின் உண்மையான வருமானத்தையும் கடை விலைகளையும் உள்ளே இட்டால், சில மாதங்களில் இவ்விடையே வரக்கூடும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் வேலை கொடுத்த நாளுக்கே. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அதனைக் கொண்டு ஐந்து தட்டுகளையும் நிரப்ப முடியாத மாதத்தில், வழக்கமான செயலி என்ன செய்யும்? 'இன்று உங்கள் இலக்கை எட்டவில்லை' என்று தாயைக் கடிந்துகொள்ளும்! அவளுடைய குற்றமா இது?

அவ்வேளையில் மென்பொருள் சொல்லவேண்டியது ரூபாய்க் கணக்கு. ஓர் ஊரின் கடை விலையில் போஷாக்கான உணவுக்கு ஆகக் குறைந்த செலவு எவ்வளவு, அங்குள்ள வருமானம் அதற்குப் போதுமா என்று கணக்கிடும் மென்பொருளைச் 'சேவ் த சில்ட்ரன்' நிறுவனம் முன்னரே உருவாக்கியிருக்கின்றது. அஃது அதிகாரிகளுக்கும் ஆய்வாளருக்கும் உரியது. அதே கணக்கை லயத்துத் தாயின் கைத்தொலைபேசியிலேயே செய்து, 'இம்மாதம் ஐவர்க்கும் போதிய உணவுக்கு இத்தனை ரூபாய் குறைகின்றது. உள்ளதில் முதலில் சிறுவனுக்கும் தாய்க்கும் இவற்றை ஒதுக்குக' என்று ஒரு தாளில் காட்டலாம். தாய்மாரின் சம்மதத்துடன், பெயரும் வீட்டிலக்கமும் நீக்கி, ஒரு தோட்டத்தின் நூறு வீடுகளில் குறைந்த தொகையைக் கூட்டிச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு அனுப்பும் வழியையும் மாணவர்கள் அதிலேயே அமைத்துவிடலாம். அதற்கு வேண்டிய கணிதம் வெறும் கூட்டல்தான்.