நாள் தள்ளியிருக்கா?

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சீட்டோடு போகும். சீட்டு இல்லாமல் வந்து கையை நீட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தலைவலிதான். காசிமேட்டில் விடியுமுன் ஏலத்துக்குப் போய், வெறும் வயிற்றோடு கூடை தூக்குகிற மீன்காரம்மா. துறைமுகத்துக்குள் வண்டியை விட எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி முழுக்க ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்து கிடக்கிற கன்டெய்னர் டிரைவர். ஷிப்ட் மாறிமாறி வேலை பார்க்கிற பையன்கள். “அக்கா, ஒரு அட்டை குடு” என்பார்கள். ஒரு மாத்திரை இல்லை, அட்டை! எனக்கு உறுத்துவது அதுதான்.

கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சைனஸ், நீர் கோத்திருக்கு, பவர் ஏறிடுச்சு, பித்தம். நான் பதிலுக்குச் சில கேள்விகள் கேட்பேன். விண்விண்ணென்று தெறிக்கிறதா? பெரும்பாலும் ஒரு பக்கமா? படி ஏறினால் கூடுகிறதா? டியூப்லைட்டும் டி.வி. சத்தமும் எரிச்சலாக இருக்கிறதா? குமட்டுகிறதா? இதில் பாதிக்கு மேல் ஆமாம் என்றால் அது மைக்ரேனாகத்தான் இருக்கும். மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை ஆட்டி வைக்கும். சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் போலக் கோணல்மாணலாக ஒளிக்கோடுகள் ஓடும், அரை மணி நேரத்தில் மறையும். அதற்கு ‘ஆரா’ என்று பெயர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் ஆய்வுக் குழுவினர் தென் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் விசாரித்ததில் ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 100-க்கு 25 பேர். உலகக் கணக்கையெல்லாம் தாண்டிய எண் இது. இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கிற என் அனுமானம்.

“வாந்தி எடுத்தா விட்டுடும், அதனால பித்தந்தான்” என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு கிளறப்பட்டு, சி.ஜி.ஆர்.பி. என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது, வலி மூள்கிறது. அதே நேரத்தில் இரைப்பையும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. பித்தப்பைக்கு இதில் பங்கே இல்லை. இரைப்பை மந்தமாவதைத் தெரிந்துகொள்வது முக்கியம். வலி முற்றிய பிறகு போட்ட மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். “ரெண்டு போட்டும் கேக்கல, மூணாவது குடு” என்பதன் காரணம் இதுதான். வலி லேசாகத் தலைகாட்டும்போதே சரியான அளவு ஒரு முறை போட்டு, இருட்டு அறையில் படுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அல்சர், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் சாப்பாட்டுக்குப் பின் இபுப்ரோபென் 400 போடலாம், மற்றவர்களுக்குப் பாராசிட்டமால். குமட்டலுக்கு டாக்டர் எழுதும் டோம்பெரிடோன், வலி மாத்திரை வேலை செய்யவும் உதவும். அதற்கும் அடங்காவிட்டால் சுமாட்ரிப்டான் இருக்கிறது. நெஞ்சுவலி, பக்கவாதம் வந்தவர்களுக்கும் பிரஷர் கட்டுப்படாதவர்களுக்கும் அது ஆகாது. அதனால் சீட்டு இல்லாமல் நான் எடுத்துத் தரமாட்டேன், எத்தனை சண்டை போட்டாலும்.

வலியைக் கிளப்பிவிடுவது பட்டினியும் தூக்கக் கேடும் வெயிலும். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்க்கிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் இங்கே வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். விரதம் இருந்து, வெயிலில் பஸ் மாறி மாறிப் போய் வந்த பெண்கள் மறுநாள் காலை என் கடை வாசலில் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு நிற்பார்கள். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, நானே போகிறவள். மோர், இளநீர், இரண்டு வாழைப்பழத்தில் அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று மட்டும் சொல்வேன்.

வாடையும் கிளப்பிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது அந்தப் பக்கத்து மைக்ரேன்காரர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அது வேறு விஷயம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், கண் எரிந்தால், மூச்சு முட்டினால் அது மைக்ரேன் இல்லை. மாத்திரை தேடாமல் வெளியே ஓடவேண்டும்.

அட்டைக்கு வருகிறேன். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும், காபின் கலந்த கூட்டு மாத்திரையையோ எர்கோட்டமினையோ டிரிப்டானையோ 10 நாளும், இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காலையில் எழும்போதே வலிக்கும். அதற்கு இன்னொரு மாத்திரை. இந்தச் சுழலில் மாட்டியவர்களை அட்டை வாங்கும் வேகத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். வருஷப் பிறப்புக்கு நாங்கள் கொடுக்கும் மாத காலண்டரை இதற்காகத்தான் வாங்கிப்போகச் சொல்கிறேன். வலித்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்டிருந்தால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி, மாதவிலக்குக்கு ஒரு கோடு. அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி நரம்பியல் ஓ.பி.க்குப் போனால், டாக்டர் பத்துக் கேள்வி கேட்கத் தேவையில்லை. வட்டங்கள் அதிகம் இருந்தால் வலி வராமல் தடுக்கும் மாத்திரையைத் தினமும் போடச் சொல்வார்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்து நாளில் கேக்கலை என்று நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதில் ப்ரொப்ரனலால் எழுதினால் வீசிங் இருக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லியாகவேண்டும், இளைப்பை அது கூட்டிவிடும். மணலி ஆலைக் காற்றை மூச்சிழுக்கிற எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாமல் நான் மாத்திரையைக் கையில் கொடுப்பதில்லை.

கல்யாணமான சின்னப் பெண் வந்தால் இன்னொரு கேள்வியும் கேட்பேன். ஒரு சாயங்காலம் எண்ணூர் குப்பத்திலிருந்து ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். கையில் பழைய அட்டையின் கிழிந்த மூலை. எர்கோட்டமின், காபின், பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை. “இதுதாங்கா எனக்குக் கேக்கும்.”

“நாள் தள்ளியிருக்கா கண்ணு?”

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மின்விசிறியைப் பார்த்தார். “பத்து நாளு... சொல்லிக்கவேணாம்னு இருந்தோம்மா. கண்ணு பட்டுடும்.”

கண் படுவது இருக்கட்டும், எர்கோட்டமின் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும். பிரசவம் ஆனதும் ரத்தப்போக்கை நிறுத்த லேபர் வார்டில் போடும் மெத்தர்ஜின் ஊசியும் இதே குடும்பம்தான். கர்ப்பிணிக்கு எர்கோட்டமின் கூடவே கூடாது. மைக்ரேன் வராமல் தடுக்கத் தினமும் போடும் மாத்திரைகளில் இன்னும் கவனம் வேண்டும். சோடியம் வால்புரோயேட் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியில் பாதிப்பு. டோபிராமேட்டால் உதடு, அண்ணம் பிளவுபடும் ஆபத்து கூடும். கருவின் முதுகுத்தண்டு மூடிக்கொள்வது முதல் நான்கு வாரங்களுக்குள். பல பெண்களுக்கு அப்போது விஷயமே தெரிந்திருக்காது. எனவே பிள்ளைக்கு ஆசைப்படும்போதே சீட்டை டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளவேண்டும். வலிப்புக்காக வால்புரோயேட் சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய்த் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

கர்ப்பத்தில் முதல் மருந்து பாராசிட்டமால். ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், நாளைக்கு 4 கிராமைத் தாண்டாமல். ஒல்லியான பெண்ணுக்கு அதிலும் குறைவாக. ஜலதோஷ மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணி இதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று பேசியது வாட்ஸ்அப்பில் எங்கள் தெருவரை வந்தது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே சொன்னது. சுமார் 25 லட்சம் குழந்தைகளை வைத்து ஸ்வீடனில் செய்து 2024-இல் வெளியான ஆய்வில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. இபுப்ரோபென், டைக்ளோபெனாக் வகையறா மட்டும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குடநீரைக் குறைக்கும். வலி ஊசி போட்டுக்கொள்ளப் போனாலும் முழுகாமல் இருப்பதை முதலில் சொல்லவேண்டும். பாராசிட்டமாலுக்கு அடங்காத வலிக்கு மெட்டோக்ளோப்ரமைடும் சுமாட்ரிப்டானும்கூட டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள். ஒன்பது மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கவேண்டியதில்லை. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு நான்காம் மாதத்திலிருந்து வலி தானாகவே குறையும்.

குறைய வேண்டிய நேரத்தில் புதிதாக வந்தால்தான் கவலை. 20 வாரத்துக்குப் பிறகு தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் என்று வந்தால் முதலில் பிரஷர் பார்க்கவேண்டும். 140/90-ஐத் தொட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 1880-இலிருந்து ராயபுரத்தில் நடக்கிற ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது, 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. அப்படி வந்த பெண்ணுக்கு நான் மாத்திரையே தருவதில்லை, ஆட்டோதான் பிடித்துக்கொடுப்பேன். திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் வலி, ஜுரத்தோடு கழுத்துப் பிடிப்பு, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, இதெல்லாம் யாருக்கு வந்தாலும் அப்படியே.

பிள்ளை பெற்றவளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். “பச்ச ஒடம்பு, தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்” என்று டம்ளர் கணக்கில் அளந்து கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் உறையும் தன்மை ஏற்கெனவே கூடியிருக்கும். உடம்பில் நீரும் வற்றினால் மூளையின் சிரைகளில் உறைந்துவிடலாம். நாளுக்கு நாள் ஏறும் தலைவலி, வாந்தி, பிறகு வலிப்பு என்று அது வரும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். பால் கொடுக்கும் தாய் பாராசிட்டமாலும் இபுப்ரோபெனும் போடலாம், ஆஸ்பிரின் வேண்டாம்.

அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விட அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. கண்ணில் மின்னல் ஓடும் வகை மைக்ரேன்காரிக்கு அது பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மாத்திரை வாங்கும்போது நர்ஸம்மாவிடம் இந்த மின்னல் கதையைச் சொன்னால், காப்பர் டி மாதிரி ஹார்மோன் இல்லாத வழியை அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.