குறைமாதத்தில் பெற்றோரானவர்களுக்கு

“நாளை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம்” என்று நாங்கள் சொல்லும்போது பெற்றோரின் முகம் மலர்கிறது. சற்று நேரத்தில் அதே முகத்தில் அச்சம் படர்வதையும் காண்கிறோம். அதுவரை குழந்தையைக் காத்தவை இயந்திரங்களும் செவிலியரும்தாம் என்ற எண்ணம் அவர்களுக்கு. மூச்சில் தடை வந்தால் ஒலி எழுப்பும் கருவி வீட்டில் இல்லை. நள்ளிரவில் பாலாடையைப் பிடித்துக் காட்ட ஆள் இல்லை. அப்போது அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: இந்தக் குழந்தையை வளர்க்கும் அனுபவம் எங்களுக்கு இருக்கிறதா? எங்கள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நாள்தோறும் காண்பவற்றைக் கொண்டு அக்கேள்விக்கு விடை கூற முயல்கிறோம்.

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தை இவ்வாறு பிறக்கிறது. பல பிரசவங்களில் காரணம் இன்னதென்று மருத்துவராலும் உறுதியாகக் கூற முடிவதில்லை. ஆகவே, தாய் எத்தனை முறை மாடிப்படி ஏறினாள், எப்போது பப்பாளி தின்றாள் என்று கணக்குப் பார்ப்பதை உறவினர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

கருப்பையின் கடைசி வாரங்களில் நடைபெற வேண்டிய பணிகள் இக்குழந்தைக்கு வெளியே வந்தபின் நடக்கின்றன. தோலுக்கடியில் போதிய கொழுப்பு இல்லாததால் உடல் விரைவில் குளிர்ந்துவிடுகிறது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் பெரும்பாலும் 34-ஆம் வாரத்தையொட்டியே கைகூடுகிறது. அதுவரை தாய்ப்பாலைக் குழாய் வழியாகவும், பிறகு பாலாடையாலும் தருகிறோம். பெற்றோரின் நிலையும் இத்தகையதே. வளைகாப்புக்கு நாள் குறித்திருந்த வீட்டின் முன் திடீரென்று ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. மனம் ஆயத்தமாகக் கிடைக்க வேண்டிய வாரங்கள் அவர்களுக்கும் கிடைக்கவில்லை. எஞ்சிய வளர்ச்சியைக் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் பெறுகிறது. பெற்றோர் அந்தப் பெட்டியின் அருகில் நின்று பெறுகிறார்கள்.

பெற்றோருக்குரிய பக்குவம் வயதோடு வரும் என்பது பொதுவான நம்பிக்கை. உடல்நல நோக்கில் வயதுக்குப் பொருள் உண்டு. வளரிளம் பருவத்தில் கருவுறுவோருக்குக் குறைமாதப் பிரசவம் நேரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் குழந்தை பிறந்தபின், அதைப் பேணும் திறனை வயதைக் கொண்டு எங்களால் முன்கூட்டியே சொல்ல முடிவதில்லை. இருபது வயதுத் தாய் ஒருவர் பத்தே நாட்களில் தம் குழந்தையின் நிறம் மாறுவதைச் செவிலியருக்கு முன்பாகவே கவனித்துச் சொல்லிவிடுவது உண்டு. மூன்றாம் பிள்ளை பெற்றவர் ‘எல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே’ என்று முதல் வாரம் விலகியிருந்து, பிறகு தடுமாறுவதும் உண்டு. அவர் முன்பு வளர்த்தவை நிறைமாதக் குழந்தைகள். பசித்தால் வீடு அதிர அழுதவை. இக்குழந்தையோ பசித்தாலும் உறங்கிக்கொண்டே இருக்கும். அதைச் ‘சாதுவான பிள்ளை’ என்று மெச்சிக்கொண்டு பாலூட்டும் வேளையைத் தவறவிடுவது, அனுபவம் உள்ளவருக்கே நேரக்கூடியது. குறைமாதக் குழந்தை தானாக விழிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும், நீங்களே எழுப்பிப் பாலூட்ட வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களின் அனுபவத்தையும் இவ்வாறே பகுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாட்டி அருகில் இருக்கும் தாய்க்குப் பால் நன்றாகச் சுரப்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். வேளைக்குச் சோறு கிடைக்கிறது. உறங்க நேரம் கிடைக்கிறது. ‘உன்னால் முடியும்’ என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது. இந்த உதவியை எந்த மருந்தாலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் சேனை வைப்பது, தேன் தடவுவது, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகியவை எக்குழந்தைக்கும் வேண்டாதவை. முதிராத நுரையீரலும் குடலும் கொண்ட குழந்தைக்கு ஆபத்தானவை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கவல்லது. சேலையில் கட்டும் தூளியும் இப்போதைக்கு வேண்டாம். அதில் குழந்தை வளைந்து கிடக்கும்போது மோவாய் நெஞ்சில் பதிந்து மூச்சுப்பாதை அடைபடலாம். சமமான, உறுதியான படுக்கையில் மல்லாந்து உறங்கட்டும். இவற்றை மருமகள் சொன்னால் வீட்டில் மனத்தாங்கல் வரும். ஆகவே, குழந்தையைப் பார்க்க மாமியாரோ அம்மாவோ வரும் நாளில் எங்களிடம் அழைத்து வாருங்கள். நாங்களே சொல்லிவிடுகிறோம், பழியும் எங்களோடு போகட்டும்.

பக்குவம் என்று நாங்கள் கருதுவது, பொதுவாகக் குழந்தைகளைப் பற்றி அறிந்திருப்பதை அன்று. இந்த ஒரு குழந்தையைப் பார்த்துப் படிக்கக் கற்பதை. அது வாயால் சொல்ல இயலாதவற்றை உடலால் சொல்கிறது. பசி எடுக்கும்போது கையை வாயருகே கொண்டுவரும், நாக்கை நீட்டும், தலையைத் திருப்பித் தேடும். அழுகை அதற்குப் பிறகே வருகிறது. அழுது களைத்த குறைமாதக் குழந்தையால் சரியாக உறிஞ்ச முடியாது. ஆகவே அழுகைக்கு முந்திய குறிகளைக் கண்டுகொள்வதே பயன் தரும். அதேபோல், ஒளியும் ஓசையும் தொடுதலும் அளவுக்கு மிஞ்சும்போது விரல்களை விரித்து நீட்டும், நெற்றியைச் சுருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், விக்கலும் தும்மலும் வரும், தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். ‘என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறான்’ என்று சில தந்தையர் வருந்துவார்கள். குழந்தை அவரை வெறுக்கவில்லை. சற்று ஓய்வு கேட்கிறது. அப்போது பேச்சை நிறுத்தி, விளக்கைத் தணித்து, ஒரு கையைத் தலையிலும் மற்றொரு கையைப் பாதங்களிலும் அசையாமல் வைத்திருங்கள். மெல்ல வருடுவது இக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எரிச்சலூட்டும். அசையாத கை அமைதி தரும். வருகிறவர்கள் எல்லாரும் கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வாறு படிப்பதற்கு நாங்கள் அறிந்த சிறந்த இடம் உங்கள் மார்புதான். கங்காரு பராமரிப்பு எனப்படும் இம்முறை, 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. இன்குபேட்டர்கள் போதாமல், நோய்த்தொற்று பரவிக்கொண்டிருந்த மருத்துவமனையில், குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்தார்கள். வசதி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு என்றே பலர் அதை முதலில் எண்ணினர். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளைக் கொண்டு அது நடத்தப்பட்டது. உடல்நிலை சீராகும் வரை காத்திருந்து கங்காரு பராமரிப்பைத் தொடங்கிய பிரிவில், 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன. பிறந்தவுடனே தொடங்கிய பிரிவில் அது 12.0 ஆகக் குறைந்தது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, இயன்ற அளவு கூடுதலாக, இம்முறையைக் கையாள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது.

அத்தனை மணி நேரம் தாய் ஒருவரால் இயலாது. இயல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. தந்தை, பாட்டி, சித்தி என உடல்நலத்தோடும் தூய்மையோடும் உள்ள எவரும் முறை மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்குத் தொப்பியும் நாப்கினும் மட்டும் அணிவித்து, மார்பில் நிமிர்ந்த நிலையில் வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கும் வாயும் மறையாதபடி பார்த்துக்கொண்டு துணியால் கட்டிக்கொள்வது அதன் முறை. சட்டையைக் கழற்றிவிட்டு அமரத் தயங்கும் தந்தையர் உண்டு. இரண்டாம் நாள் அவர்களே நேரம் கேட்டு வருகிறார்கள். குழந்தையின் மூச்சைத் தம் மூச்சோடு உணர்ந்தவருக்கு, ஐந்து முதல் பத்து நொடிகள் நின்று மீண்டும் தொடரும் மூச்சு இவ்வயதில் இயல்பானது என்பதும், அதற்கு மேல் நீள்வதும் உதடு நீலமாவதும் இயல்பல்ல என்பதும் சொல்லாமலே விளங்கத் தொடங்கும்.

உடல் வெப்பத்தைக் கையால் அறியலாம். புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நன்று. வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் தாக்குகிறது. உடனே மார்போடு அணைத்துப் போர்த்துங்கள். இரண்டும் சில்லென்றிருந்தால் அணைத்தபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

புறப்பட வேண்டிய வேறு குறிகளும் உண்டு. பால் குடிப்பது குறைவது, தொட்டாலும் எழுப்பினாலும் சோர்ந்தே கிடப்பது, அமைதியாக இருக்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போவது, மூச்சிழுக்கையில் நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, உடல் வெப்பம் 99.5 டிகிரியை எட்டுவது, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். வெறும் ஐயமாக இருந்தாலும் எங்களைக் கூப்பிடுங்கள். ‘சின்ன விஷயத்துக்குத் தொந்தரவு செய்கிறோமோ’ என்று தயங்குவது மரியாதையால் வருவது என்பதை அறிவோம். இந்த வயதில் நோய்த்தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும். ஒன்றுமில்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவது எங்களுக்குத் தொந்தரவே அன்று. அது எங்கள் பணியின் இனிய பகுதி.

எந்தக் குறியும் காட்டாத ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பற்றியே எங்களுக்கு மிகுந்த கவலை. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. பிறந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரை பிரிந்து நிரந்தரப் பார்வையிழப்பு நேரலாம். கண் வெளிப்பார்வைக்கு அழகாகவே இருக்கும். குழந்தை எடையும் கூடிவரும். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவற்றுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் இன்னும் முன்னதாக, இரண்டு மூன்று வாரங்களிலேயே. சிகிச்சை தேவையெனத் தெரிந்தால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் போன்ற முறைகளால் பார்வையைக் காக்க முடியும். தாமதித்தால் அந்த வாய்ப்பு திரும்பாது. குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, பேர் வைக்கும் நாள் வருகிறது, குழந்தைதான் நன்றாக இருக்கிறதே என்று அந்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள். மற்றவை எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும்.

வளர்ச்சியைக் கணக்கிடுவதில் ஒரு திருத்தம் தேவை. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது, அதன் திருத்திய வயது நான்கு மாதம். சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது ஆகியவற்றை இரண்டு வயது வரை இந்தத் திருத்திய வயதைக் கொண்டே பார்க்க வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு உறக்கம் இழப்பவர்கள் பெரும்பாலும் இதை அறியாதவர்கள். தடுப்பூசிகளுக்கு மட்டும் பிறந்த நாளிலிருந்தே கணக்கு. அவற்றைத் திருத்திய வயதுக்காகத் தள்ளிப்போடக் கூடாது.

தாயின் மனநிலையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பிரசவத்துக்குப் பின் சில நாட்கள் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு. பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் தணியும். தணியாமல், உறக்கம் கெட்டு, குழந்தையின் மேல் பற்றே வரவில்லை என்றோ, தாம் இல்லாவிட்டால் குழந்தை நன்றாக இருக்கும் என்றோ தோன்றினால் அது நோய், சிகிச்சை உண்டு. குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த தாய்மார்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தந்தையரிடமும் காண்கிறோம், அவர்கள் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசுவார்கள், தங்களைப் பற்றிப் பேசமாட்டார்கள். ‘நல்ல தாயாக இருந்தால் இப்படித் தோன்றுமா’ என்று யாரேனும் கேட்டால், தோன்றும் என்பதே எங்கள் பதில். எங்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மனஸ் சேவையை எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

வீடு திரும்புவதற்கு முந்திய இரண்டு மூன்று நாட்கள், பாலூட்டுவது, மருந்து கொடுப்பது, துணி மாற்றுவது, கங்காரு முறையில் கட்டுவது ஆகிய அனைத்தையும் நீங்களே செய்யுங்கள். செவிலியர் கைகட்டி நின்று பார்ப்பார். அவர் சோம்பலால் அப்படி நிற்கவில்லை. பால் பீய்ச்சும் முறையையும் அப்போதே பழகிக்கொள்ளுங்கள்: பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 24 மணி நேரமும் தாங்கும். எந்த வேலையில் கை நடுங்குகிறதோ அதை மறுபடியும் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் பாலூட்டிய நேரம், சிறுநீர் கழித்த தடவை, எடை, உங்களுக்குத் தோன்றும் ஐயம் ஆகியவற்றை எழுதி, மறுபரிசோதனைக்கு வரும்போது தாய் சேய் நல அட்டையோடு கொண்டுவாருங்கள். நாங்கள் முதலில் பார்ப்பது அந்தக் குறிப்பேட்டைத்தான்.