ஊரி குழறுகிறது

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என வழங்குதல் தமிழுலகம் நன்கறிந்த செய்தி. அவ்வடைமொழியின்றி எம்மூர் மேடைகளில் வரவேற்புரை நிகழ்வது அரிது. ஆயினும், அவ்வாவியிலே இரவு பகலாக வலைவீசி வாழ்ந்த மக்கள் அவ்வொலியைப் பற்றி யாது கூறினர் என்று வினவியவர் மிகச் சிலரே. வினவியதோடமையாது கேட்டவற்றை ஒழுங்குற எழுதிவைத்தவருள் ஒருவர் அந்நியர் என்பது நாம் சிறிது நாணத்தக்கது.

அவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவர். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மட்டக்களப்புக்கு வந்தபோது, ஒல்லாந்தர் கோட்டைக்கு அண்மையில் நீரினுள்ளிருந்து இன்னொலி எழுகிறது என்னும் கதையை விசாரித்தார். ஊரவர் அது மீனின் ஒலி என்றனர். ரெனன்ற் அதனோடு நின்றுவிடாது மீனவரை அழைத்துக் கேட்டார். அவர்கள் அளித்த விடை வேறு. தம் தந்தையர் காலந்தொட்டே அவ்வொலியைத் தாம் அறிவதாகவும், அது வறண்ட காலத்தில் மட்டும் கேட்கும் என்றும், மழைவெள்ளம் வாவியிற் பெருகியதும் நின்றுவிடும் என்றும், அதனை எழுப்புவது மீனன்று, ஊரியே என்றும் சொன்னார்கள்.

அன்றிரவு நிலவெழுந்தபின் அம்மீனவரோடு படகேறிக் கோட்டை வாயில் இறங்குதுறைக்கு வடகிழக்கே ஏறத்தாழ இருநூறு யார் தூரம் சென்றார். காற்றில்லை, துடுப்புப் படும் இடத்தையன்றி நீரில் அலையில்லை. குறித்த இடத்தை அடைந்ததும் ஒலி கேட்டது. நீண்டொலிக்கும் ஒரு சுரமாக அல்லாமல், பற்பல நுண்ணொலிகள் உச்சமும் மந்தமுமாய்க் கலந்து எழுந்தன. படகின் மரத்திலே செவியை ஒற்றியபோது அவை மிகப் பெருகின. படகு நகர நகர ஒலி சில இடங்களில் மிகுந்தும், சில இடங்களில் அற்றும், பழைய இடத்துக்கு மீண்டதும் மறுபடி தொடங்கியும் அமைந்தது. ஒலியின் காரணம் எதுவாயினும் அது ஓரிடத்தில் நிலைத்திருப்பது. நீந்தித் திரியும் மீனைக் காட்டிலும் நிலத்தோடு ஒட்டிக்கிடக்கும் சிப்பியினத்துக்கே இது பொருந்தும். ஆகவே மீனவர் கூற்றோடு ஒத்துவருகிறது என்று அவர் முடிவுகண்டார். 1859இல் வெளியான தமது இலங்கை நூலிலும், 1861இல் வெளியான இலங்கை இயற்கை வரலாற்று நூலிலும் இதனைப் பதிவு செய்தார். உயர் அதிகாரி ஒருவர் வலைஞரின் சொல்லைச் சான்றாக ஏற்றுத் தம் செவியாற் சோதித்த இம்முறை போற்றத்தக்கது.

இனித் தமிழ் கற்றார்க்குரிய செய்தியொன்று. அவ்வுயிர்க்கு மீனவர் வழங்கிய தமிழ்ப்பெயர் என ரெனன்ற் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்திருப்பதை அப்படியே ஒலித்தால் ‘ஊரி கூலீரூ கிராடூ’ என்று வரும். அழும் சிப்பி என்று அவர் பொருள் தந்தார். ஊரி என்பது சங்கையும் நத்தையையும் குறிக்கும் பழஞ்சொல். கிழக்குக் கரையிலே இன்றும் வழக்கில் உள்ளது. எஞ்சிய பகுதியோ பெயரன்று. ‘குழறுகிறது’ என்னும் நிகழ்கால வினைமுற்றே அந்நியர் செவியில் அவ்வாறு சிதைந்தது என்பது என் துணிபு. கூகை குழறும் என்பது இலக்கிய வழக்கு. வாய்விட்டழுவதைக் குழறுதல் என்பது எம்மவர் பேச்சு வழக்கு. துரை, ‘இஃது என்ன?’ என்று கேட்டிருப்பார். மீனவர், ‘ஊரி குழறுகிறது’ என்று விடையிறுத்திருப்பர். எழுவாயும் பயனிலையும் அமைந்த ஒரு முழு வாக்கியம் அவரது குறிப்பேட்டில் ஓர் உயிரினத்தின் பெயராகிவிட்டது! பாடுகிறது என்று மீனவர் சொல்லவில்லை என்பதையும் நோக்குக. பாட்டைக் கேட்டது கரையிலிருந்த நாகரிகம். நீர்மேலிருந்தவர் செவிக்கு அது குழறல்.

ஆயினும் மீனவர் சொல் முழுவதையும் ஒரே நிறையில் வைத்தல் ஆராய்ச்சியாகாது. அந்த ஊரியைக் கொண்டுவருக என்று ரெனன்ற் அனுப்பியபோது, அவர்கள் ஓரினத்தையன்றிப் பலவகை ஊரிகளைக் கொண்டுவந்தனர். ஒலியின் இடத்தையும் காலத்தையும் ஐயமின்றிச் சுட்டியவர்கள், ஒலிக்கும் உயிர் இதுவென்று சுட்டவியலாது தடுமாறினர் என்பதே இதன் கருத்து. இடமும் காலமும் அவர் தாமே கண்டவை, காரணமோ கருதியது. இவ்விரண்டையும் வேறுபிரித்துக் கேட்கத் தெரிந்தவனே மீனவரிடம் பாடம் கேட்கத் தகுதியுடையவன்.

கண்டவற்றுள்ளும் மிக அரியது வெள்ளம் பற்றிய கூற்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் எமது வாவிக்கு மாரியிலே ஆறுகளின் நன்னீர் வந்து நிறைகிறது. முகத்துவாரம் திறக்கக் கடல்நீர் உட்புகுகிறது. கோடையிலோ உவர் மிகுகிறது. உவர்நீருக்குரிய உயிர்கள் நன்னீர் பெருகும்போது ஒதுங்குவதோ ஒடுங்குவதோ இயல்பு. ஆதலால், மாரியில் ஒலி நின்றுவிடும் என்னும் ஒரு வாக்கியத்துள், ஒலிப்பது உவரை நாடும் உயிர் என்னும் குறிப்பு அடங்கியிருக்கிறது. உவர்மானி காணாத காலத்தில் வலைஞன் தன் செவியால் நீரின் உவரை அளந்தான் எனலாம்.

மீன்களுக்கு அவன் இட்ட பெயர்களும் இத்தகையனவே. கீச்சான் என்னும் மீன் பிடிபட்டதும் கீச்சிடும். காற்றுப்பையை அடுத்த தசைகளால் அது ஒலியெழுப்புகிறது என்று விலங்கியலார் பின்னர் விளக்கினர். பெயரிட்டவன் முன்னரே கேட்டிருக்கிறான். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவை எம்மக்கள் ஜப்பான் மீன் என்பர். அதன் தாயகம் ஆபிரிக்கா. எனவே பெயர் நாடு தவறியது. ஆனால் இது நம் நீர்க்குரியதன்று, வந்தேறியது என்னும் உண்மை அப்பெயரிலே பிழையின்றிப் பதிந்திருக்கிறது.

இவ்வாறு நீரோடு வாழ்வாரிடம் கேட்டறிந்து பயன்கொண்ட நாடுகள் உள. பசிபிக் மாகடலின் பலாவுத் தீவுகளில் மீனவரோடு தங்கிக் கற்ற றொபேட் ஜொஹானஸ், 1981இல் ‘வாவியின் சொற்கள்’ எனப் பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டார். திங்களின் வளர்வு தேய்வுக்கேற்ப முட்டையிடும் மீன்கள் என உலக அறிவியல் ஏடுகள் அதுவரை குறித்திருந்தவற்றினும் இருமடங்குக்கு மேற்பட்ட இனங்களைப் பலாவு மீனவர் அறிந்திருந்தனர். முழுமதியை அண்டிய இரவுகளில் ஒலி மிகும் என்று எம்மூரவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

காவிரியின் கதை துயரமானது. முதுகு திமில்போல் எழுந்து, ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரத்தக்க பெருங்கெண்டையொன்று அவ்வாற்றில் உண்டு. தூண்டிற்காரர் அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். 1998 முதல் 2012 வரை அவர்கள் பிடித்து மீண்டும் நீரில் விட்ட மீன்களின் நாட்குறிப்புகளை ஆராய்ந்தபோதுதான், அயலிலிருந்து புகுத்தப்பட்ட வேறொரு கெண்டை பெருக இது அருகிவந்தமை வெளிப்பட்டது. கேரளத்துப் பாம்பாற்றின் சிறு மீன்களைக் கொண்டு முன்னரே பெயரிடப்பட்டிருந்த இனமே இது என்று 2018இல் தெளிந்தனர். அவ்வாண்டிலேயே அது அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலிற் சேர்ந்தது. பெயர் உறுதிப்படுவதற்குள் மீன் போய்விடும் நிலை!

எமது வாவியின் ஒலியும் அந்நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது. விபுலாநந்த அடிகள் அதனை நீரரமகளிரின் இசையாகக் கண்டு, 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே பாடினார். அர்ச். மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த யேசுசபைத் துறவியார் லாங், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீருள் ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவு செய்தார். எனினும் ஒலிக்கும் உயிர் இன்னதென்று ஐயமற நிறுவப்படவில்லை. துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியிலே காதை வைத்துக் கேட்டறிந்த முதியோர் அருகிவிட்டனர். கல்லடிப் பாலத்து வாகன இரைச்சலுக்கும் இயந்திரப் படகுக்கும் இடையே இளைய மீனவர்க்கு அப்பழக்கம் வாய்க்கவில்லை.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவரும் எம் பாடசாலை மாணவரும் முதற்கண் முதியோரைத் தனித்தனியே கண்டு, எங்கே, எம்மாதத்தில், மதியின் எந்நிலையில் கேட்டீர் என்று வினவிக் குறித்தல் வேண்டும். ஒருவர் விடையை மற்றவர்க்குச் சொல்லாதிருத்தல் அவசியம். ஊரி, மீன் ஆகியவற்றின் பெயர்களை அவர் ஒலித்தபடியே தமிழெழுத்தில் எழுதுக. திருத்தி எழுதும் பண்டித ஆசை வேண்டா. ரெனன்ற் குறித்த கோட்டை இன்றும் புளியந்தீவில் நிற்கிறது. அதன் வாயிலிலிருந்து வடகிழக்கே இருநூறு யார் அளப்பது எளிது. கோடையின் ஒரு முழுமதி இரவிலும், வெள்ளம் புகுந்தபின் மார்கழியின் ஒரு முழுமதி இரவிலும் அங்கே ஒலிவாங்கியை இறக்கி, அவ்விரு நாளும் நீரின் உவரையும் அளந்து எழுதினால், மீனவர் 1848இல் சொன்னதற்கு விடை கிடைக்கத் தொடங்கும்.